கேள்வி நேரம்: அந்தச் சொல் எங்கே சொல்லப்பட்டது?

சென்ற இதழில், 2009 மண்சரிவின்போது எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த தேயிலைச் சரிவு இறங்கி வந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். கோத்தகிரிக்குத் திரும்பி வருவதற்கு முன் டெல்லியில் நாடாளுமன்றச் சுருக்கெழுத்து நிருபராக வேலை பார்த்ததையும் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். வாசகர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பருவநிலை மாநாடு, ஒப்பந்தம், சட்டம் பற்றித்தான். இந்த முறை முழு இடத்தையும் அவற்றுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: அம்மா, இந்தப் பனிக்கு எங்கள் பள்ளத்துத் தோட்டத்தில் அரை ஏக்கர் கொழுந்து கருகிவிட்டது. 2025 நவம்பரில் பிரேசிலில் காலநிலை மாநாடு நடந்ததை டிவியில் காட்டினார்கள். இவர் கேட்டார், அவர் மறுத்தார் என்றார்கள். அந்தப் பேச்சுக்கும் என் கருகின செடிக்கும் என்ன சம்பந்தம்?
*சிறு தேயிலை விவசாயி, கீழ்க்கோத்தகிரி*

பதில்: பனியைப் பற்றி முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உறைபனி நமக்குப் புதிதில்லை. என் அம்மா காலத்திலும் மார்கழி, தை விடியலில் பள்ளத்துப் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல வெளுத்திருக்கும். வானம் தெளிந்து, காற்று அசையாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்குகிறது. உங்கள் பள்ளத்து அரை ஏக்கர் கருகி, மேட்டுச் செடி தப்பியது அதனால்தான். ஒவ்வொரு பனிக்கும் பருவநிலை மாற்றத்தின்மேல் பழி போட்டால், நிஜமாகவே அதன்மேல் போட வேண்டிய பழியை யாரும் நம்ப மாட்டார்கள்.

மழை வேறு. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். தாங்கிய ஈரம் ஒரு நாள் மொத்தமாக இறங்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.யைத் தாண்டியது. இந்த மழையைச் சூடுதான் கொண்டுவந்தது என்று ஒரு நாளைக் காட்டி நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உலகம் சூடாக ஆக, இப்படிக் கொட்டும் நாட்களுக்கு வாய்ப்புக் கூடுகிறது என்பது உறுதி.

2009ல் நான் டெல்லியில் இருந்தேன். தம்பி போனில், “அக்கா, மேல் தோட்டம் இல்லை” என்றான். இல்லை என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. லீவு போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் வந்து, பாதை திறக்கும்வரை அங்கே உறவுக்காரர் வீட்டில் இரண்டு நாள் காத்திருந்து, மேலே வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அப்பா நட்ட செடிகள் வரிசை கலையாமல் ஓடைக்குள் கிடந்தன. இரண்டு சில்வர் ஓக் மரங்கள் நின்ற நிலையிலேயே இருபதடி கீழே வந்திருந்தன. எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பினோம். மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் தப்பவில்லை.

அந்தச் சேற்றை நாங்கள் அள்ளிக்கொண்டிருந்தபோது, டிசம்பர் 3 அன்று மக்களவையில் பருவநிலை மாற்றம் பற்றிய விவாதம் நடந்தது. கோபன்ஹேகனில் உலகப் பருவநிலை மாநாடு தொடங்க நான்கே நாள் இருந்தது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ், இந்தியா தானாக முன்வந்து எதைச் செய்யும் என்று அவையில் அறிவித்தார். 2005ல் இருந்த அளவோடு ஒப்பிட்டு, 2020க்குள் உமிழ்வுச் செறிவை 20 முதல் 25 சதவீதம் குறைப்போம், ஆனால் சட்டப்படி கட்டிப்போடும் இலக்கு எதையும் ஏற்க மாட்டோம் என்றார். டெல்லிக்குத் திரும்பியதும் அந்த விவாதப் பதிவை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். அதற்கு முன் அந்தச் சொற்கள் எனக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய சொற்கள் மட்டும்தான்.

உமிழ்வு என்பது எரிப்பதால் காற்றில் சேரும், பூமியைச் சூடாக்கும் வாயு. அதன் செறிவை உங்களுக்கு ஃபேக்டரியை வைத்துச் சொல்லலாம். ஒரு கிலோ தூள் எடுக்க எத்தனை விறகு எரிகிறது என்பது செறிவு. அடுப்பைச் சரிசெய்து கிலோவுக்கு எரியும் விறகைக் குறைத்தாலும், ஃபேக்டரி இரண்டு மடங்கு தூள் காய்ச்சினால் மொத்த விறகு கூடத்தான் செய்யும். வளரும் நாடான இந்தியா, மொத்த விறகைக் குறைக்கிறேன் என்று சொல்லவில்லை, கிலோவுக்குக் குறைக்கிறேன் என்றது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் மாநாட்டுச் செய்தியில் பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி பணம். மண் சரியாமல் தடுப்புச்சுவர் கட்ட, ஓடையைச் சீர்செய்ய, பயிர் போனவருக்குக் கொடுக்க யார் பணம் தருவது? பிரேசிலின் பெலெம் நகரில் கடைசி நாள்வரை இழுத்த விஷயங்களில் இதுவும் ஒன்று. மாறிவரும் பருவநிலைக்கு ஏற்பத் தற்காத்துக்கொள்ள ஏழை நாடுகளுக்குத் தரும் நிதியை 2035க்குள் மூன்று மடங்காக்க முயல வேண்டும் என்று அங்கே எழுதி வைத்தார்கள். நம் மாவட்டத்தில் மண்சரிவு, வெள்ள அபாயம் உள்ளவை என்று நிர்வாகம் குறித்து வைத்திருக்கும் இடங்கள் 283. உங்கள் செடிக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பூமி சூடாவதைக் கட்டுப்படுத்த 2015ல் உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்க நம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்ததா மேடம்? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நடந்தது என்கிறார்கள்.
*சட்டக் கல்லூரி மாணவி, சொந்த ஊர் குன்னூர்*

பதில்: நடக்கவில்லை அம்மா. வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்துகொள்வது நம் அரசியலமைப்பில் அரசின் நிர்வாக அதிகாரத்துக்குள் வருகிறது. அமைச்சரவை ஒப்புக்கொண்டால் போதும். 2016 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, அமைச்சரவை ஒப்புதலோடு இந்தியா ஏற்புப் பத்திரத்தை ஐ.நா.விடம் கொடுத்தது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தச் சட்டம் தேவைப்பட்டால் மட்டுமே விஷயம் அவைக்கு வரும். அதற்கான அதிகாரம் 253ஆம் பிரிவில் இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தியும் இருக்கிறோம். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டைக் குறிப்பிட்டுத்தான் 1981ல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் எழுதப்பட்டன. முகவுரையை எடுத்துப் படித்துப் பார்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ஓர் உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1997ல், உமிழ்வைக் குறைக்க ஒப்பந்தம் எழுதிய கியோட்டோ மாநாட்டுக்கு நான்கு மாதம் முன்பே, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்தையும் ஏற்காதே என்று செனட் 95க்கு 0 என்று தீர்மானம் போட்டுவிட்டது. கிளின்டன் அரசு கியோட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது, ஆனால் செனட்டுக்கு அனுப்பவே இல்லை. அனுப்பினால் தோற்கும் என்று தெரியும்.

இதன் நிழல் பாரிஸ் வரைக்கும் விழுந்தது. என் தொழிலில் இருந்தவர்களுக்கு மறக்க முடியாத நாள் அது, 2015 டிசம்பர் 12. கடைசி வரைவில் 4ஆம் பிரிவின் 4ஆம் பத்தியில், வளர்ந்த நாடுகள் பொருளாதாரம் முழுவதற்குமான உமிழ்வுக் குறைப்பு இலக்குகளில் முன்னின்று செயல்படுவதைப் பற்றிய வாக்கியத்தில் ‘ஷல்’ என்று இருந்தது. செய்தே ஆக வேண்டும் என்பது அதன் பொருள். அமெரிக்கக் குழு பதறிப்போனது. ‘ஷல்’ இருந்தால் அது புதிய சட்டக் கடமை ஆகும், புதிய சட்டக் கடமை என்றால் செனட்டுக்குப் போக வேண்டும், செனட்டுக்குப் போனால் செத்தது. பல மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் அவையில் திருத்தங்களை வாசித்தபோது, தட்டச்சுப் பிழை திருத்தங்களோடு சேர்த்து அந்த ‘ஷல்’ ‘ஷுட்’ ஆனது. செய்வது முறை என்ற அளவுக்குப் பொருள் இறங்கியது. சில நிமிடத்தில் ஒப்பந்தம் நிறைவேறியதாகச் சுத்தியல் விழுந்தது.

பிட்மன் சுருக்கெழுத்தில் இந்த இரண்டு சொல்லும் ஒரே கோட்டில் தொடங்குபவை. அவசரத்தில் வால் விட்டுப்போனால் ஒன்று இன்னொன்றாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மூத்தவர் ஒருவர் அந்த ஒரு ஜோடியை மட்டும் நூறு தடவை எழுத வைத்தார். ஏன் என்று அன்று தெரியவில்லை. பாரிஸ் செய்தியைப் படித்த அன்று, அவருடைய கை என் கண்முன் வந்தது.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். நம் அவையில் ஓர் அமைச்சர் எழுந்து, இதைச் செய்வோம், இதைப் பரிசீலிப்போம் என்றால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். அரசின் உறுதிமொழிகளுக்கென்று மக்களவையில் 1953லிருந்தே ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். நாங்கள் எழுதிக்கொடுத்த பக்கங்களிலிருந்துதான் அந்த உறுதிமொழிகளைப் பொறுக்கி எடுப்பார்கள். ஆனால் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடையில் சொன்ன சொல், துபாய் மாநாட்டு மேடையில் சொன்ன சொல் இந்தக் குழுவின் முன் தானாக வராது. அதே சொல்லை ஓர் உறுப்பினர் கேட்டு, அமைச்சர் அவைக்குள் சொன்னால்தான் பின்தொடர முடியும். நான் வாக்கெடுப்பைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். நம் நாடு உலகத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாக்கும், கொடுப்பதற்கு முன்போ கொடுத்த உடனேயோ, நம் அவைக்குள் சொல்லப்பட வேண்டும்.

கேள்வி: அமெரிக்கா விலகுகிறது, சேருகிறது, மறுபடி விலகுகிறது. இவ்வளவு சுலபமா?
*ஒரு வாசகர், அருவங்காடு*

பதில்: மேலே சொன்னதன் பலன்தான் அது. செனட் வழியாக வராமல் அதிபரின் கையெழுத்தால் வந்தது, அதிபரின் கையெழுத்தாலேயே போகிறது. டிரம்ப் 2017ல் அறிவித்த விலகல் 2020 நவம்பர் 4ல் நடப்புக்கு வந்தது. பைடன் 2021 பிப்ரவரியில் திரும்பச் சேர்த்தார். 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே டிரம்ப் மறுபடி விலகல் ஆணையில் கையெழுத்திட்டார்.

கேள்வி: பணக்கார நாடுகள்தான் இருநூறு வருடம் நிலக்கரி எரித்தார்கள். நாம் ஏன் தலைகுனிய வேண்டும்? கிளாஸ்கோவில் நிலக்கரிக்கு இந்தியா குறுக்கே நின்றது என்று எழுதினார்கள். உங்கள் கருத்து என்ன அக்கா?
*லாரி ஓட்டுநர், குந்தா*

பதில்: தலைகுனிய வேண்டியதில்லை தம்பி. இந்தியாவில் ஓர் ஆளின் பங்குக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அமெரிக்காவில் 14 டன் அளவில். 1992ல் ரியோவில் எழுதிய அடிப்படை ஒப்பந்தத்திலேயே, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை என்று இருக்கிறது. அந்த வாக்கியத்தை விட்டுக்கொடுக்காமல் முப்பது வருடத்துக்கு மேல் பிடித்து நின்றவர்களில் நம் அதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு.

கிளாஸ்கோவில், 2021 நவம்பர் 13, கடைசி நேரத்தில் நிலக்கரியைப் ‘படிப்படியாக ஒழிப்பது’ என்பதைப் ‘படிப்படியாகக் குறைப்பது’ என்று மாற்றும்படி இந்தியா கேட்டது. மாற்றினார்கள். மாநாட்டுத் தலைவர் கண்கலங்கினார். உலகம் முழுக்க நம்மைத் திட்டியது. எண்ணெயையும் எரிவாயுவையும் குறைக்க வேண்டும் என்று அந்த வாக்கியத்தில் இல்லை, பெயர் சொல்லிக் குறைக்கச் சொன்னது நிலக்கரியை மட்டும்தான் என்பதைத் திட்டியவர்களில் பலர் சொல்லவில்லை. அதில் இந்தியாவின் ஆத்திரம் நியாயமானதே.

2024ல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த மாநாட்டிலும் அப்படித்தான். வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035க்குள் 30,000 கோடி டாலர் என்று முடித்து, நம் பிரதிநிதி பேசுவதற்கு முன்பே சுத்தியலைத் தட்டிவிட்டார்கள். அவர் அதற்கு அப்புறம் எழுந்து, இதை ஏற்க முடியாது, இது வெறும் காட்சி மாயை என்று சொல்லி அமர்ந்தார்.

ஆனால் தம்பி, நான் உங்களிடம் கேட்பது இதுதான். நாம் பாகுவில் கேட்ட நியாயம் என்ன? நாங்கள் அதிகம் எரிக்கவில்லை, அடி எங்களுக்குத்தான் விழுகிறது, அதிகம் எரித்தவர்கள் தர வேண்டியதைத் தாருங்கள் என்பதுதானே? அதே வாக்கியத்தைக் குந்தாவில் நின்று சொல்லிப் பாருங்கள். சரிவில் கூரை வீட்டில் இருக்கும் தோட்டத் தொழிலாளி என்ன எரித்தார்? இரண்டு விறகுக் கட்டும் ஒரு பல்பும். மந்து என்ற தங்கள் குடியிருப்பில் இருக்கும் தோடர் பழங்குடியினர் என்ன எரித்தார்கள்? மண் சரிந்தால் முதலில் போவது யார் வீடு? உலக அரங்கில் நம் நாடு பேசும் நியாயத்தை, நம் மலை டெல்லியிடமும் சென்னையிடமும் அதே சொற்களில் கேட்கலாம். கேட்பது நாட்டுக்கு எதிரான பேச்சு ஆகாது. நாடு வெளியே கேட்பதை நாம் உள்ளே கேட்கிறோம், அவ்வளவுதான். குந்தா அணைகளின் மின்சாரம் கீழே எத்தனை மில்களை ஓட்டியது என்பது லாரி ஓட்டும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: அம்மா, நீங்கள் எந்தக் கட்சி?
*பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஊட்டி*

பதில்: எல்லாக் கட்சிக்காரர்கள் பேச்சையும் ஐந்து ஐந்து நிமிட முறையில் ஒரே பென்சிலால் எழுதினேன். எந்தக் கட்சியிலும் இல்லை.

கேள்வி: பருவநிலைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் உண்டா? இல்லையென்றால் ஏன் இல்லை? இருந்தால் மட்டும் என்ன ஆகிவிடும்?
*ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கேத்தி*

பதில்: ஐயா, தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில், கானமயில் பறவையைக் காப்பது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் குறிப்பிட்டது. பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காப்பாற்றப்படும் உரிமை மக்களுக்கு அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளிலிருந்தே வருகிறது என்றும், இதற்கென ஒரே குடைச் சட்டம் நம்மிடம் இல்லை என்றும் தீர்ப்பில் எழுதினார்கள். 2008ல் வந்த தேசியச் செயல்திட்டம் ஒரு திட்டம்தான், சட்டமில்லை.

துண்டு துண்டாகச் சட்டங்கள் உண்டு. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை 2022ல் திருத்தினார்கள். ஆகஸ்டில் மக்களவை, டிசம்பரில் மாநிலங்களவை. கார்பன் வரவு, அதாவது உமிழ்வைக் குறைத்ததற்குக் கிடைக்கும் சான்று, வாங்கி விற்கும் சந்தைக்கு வழி அதில்தான் திறந்தது. தனிநபர் மசோதாக்களாகப் பருவநிலைச் சட்டத்தை அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அவற்றுக்கான நேரம். அந்த மதியங்களில் அவையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை எழுதுமேசையில் இருந்து பார்த்தவள் நான். பெரும்பாலும் பேசுபவரும், அடுத்துப் பேச வேண்டியவரும், ஓர் அமைச்சரும். சுதந்திரத்துக்குப் பின் இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியானது 1970ல்.

சட்டம் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். பிரிட்டன் 2008ல் சட்டம் போட்டது. அரசுக்கு வெளியே தனிக் குழு ஒன்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும், அரசு அதற்குப் பதில் எழுத வேண்டும் என்று அதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தப் பதில் எழுத வேண்டும் என்ற பகுதி. சட்டம் போட்டால் எல்லாம் நிலைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் கார்பனுக்கு விலை வைத்தது, 2014 ஜூலையில் அடுத்த அரசு அதை எடுத்துவிட்டது, 2022ல் இன்னொரு அரசு 43 சதவீதக் குறைப்பு என்று புதிய சட்டம் போட்டது. ஆனால் எடுப்பதென்றாலும் அவையில் எழுந்து, காரணம் சொல்லி, வாக்குப் போட்டு எடுக்க வேண்டியிருந்தது. யார் என்ன பேசினார் என்பது பதிவில் இருக்கிறது. ஒரு திட்ட அறிக்கையை மூடி அலமாரியில் வைப்பதற்கு இதெல்லாம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் பருவநிலை மாற்ற இயக்கம் என்று ஒன்று இருக்கிறது, மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் அதற்குப் பொறுப்பு. அதன் கூட்டக் குறிப்பை ஆண்டுக்கு ஒரு முறையாவது சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு மேலே உள்ள புல்வெளியில் ஆயிரம் மரக்கன்று நடப்போகிறோம். பாரிஸ் ஒப்பந்தத்துக்கு எங்கள் பங்கு என்று போர்டு வைக்கலாமா டீச்சர்?
*ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், எமரால்டு பக்கம்*

பதில்: நான் டீச்சர் இல்லை கண்ணுகளா, ஆனாலும் அப்படிக் கூப்பிட்டது சந்தோஷம். போர்டு வைக்குமுன் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் புல்வெளியில் நட வேண்டாம்.

பாரிஸுக்கு இந்தியா கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று, 2030க்குள் காடுகள், மரங்கள் மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைப்பது. அதனால்தான் எங்கே பார்த்தாலும் நடு, நடு என்கிறார்கள். ஆனால் நம் மலையின் உச்சி அப்படிப்பட்ட இடமில்லை. இங்கே பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். இரண்டும் சேர்ந்துதான் ஒரு காடு. புல்லின் வேரும் கறுத்த மண்ணும் மழையைப் பிடித்து வைத்து ஓடைக்குச் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. கார்பனையும் அந்த மண் வைத்திருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, அப்புறமும் பல வருடம், இந்தப் புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்து சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, தைலத்துக்கு. சீகை இன்று தானாகவே பரவுகிறது. அதைப் பிடுங்கத்தான் இப்போது செலவாகிறது. ஆனால் நாட்டின் காட்டுப் பரப்புக் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மர நிழல் இருந்தால் போதும், எந்த மரம் என்று கேட்பதில்லை. சீகைத் தோப்பு அந்தக் கணக்கில் ஏறும், புல்வெளி ஏறாது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

கிளாஸ்கோவில் சொன்ன நிகர பூஜ்ஜியம் (காற்றில் விடுவதும் பிடித்து வைப்பதும் சமமாவது), 2070 என்ற ஆண்டு, 2023ல் திருத்திய வனப் பாதுகாப்புச் சட்டத்தின் முகவுரையில் எழுதப்பட்டிருக்கிறது. மசோதாவைக் கூட்டுக் குழு ஒன்று விசாரித்தது. பலர் மறுப்பு எழுதினார்கள், ஆனாலும் மாற்றம் எதுவும் இல்லாமல் ஜூலை, ஆகஸ்டில் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. புல்வெளிக்காக அங்கே பேசுவதற்கு நம் மலைக்காரர் வேண்டும். உங்களில் யாராவது பேசுவீர்கள்.

ஆயிரம் கன்றை நூறாக்குங்கள். வனத்துறையிடம் கேட்டு, ஓடை ஓரத்தில் சோலை அழிந்த இடத்தில் நாவல், காட்டுச் செண்பகம் நடுங்கள். மீதி நேரத்தில் புல்வெளியில் முளைத்த சீகைக் கன்றுகளைப் பிடுங்குங்கள். அதற்கும் வனத்துறை அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் போர்டு வைக்கலாம்.

கேள்வி: எம்.பி.யிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன் அம்மா. “தேசத்துக்கே தேநீர் தரும் நீலகிரி விவசாயிகள் உறைபனியாலும் விலை வீழ்ச்சியாலும் வடிக்கும் கண்ணீரை அரசு அறியுமா? காலநிலை மாநாடுகளில் பேசும் அரசு எங்களுக்காக என்ன செய்தது?” இதைத் திருத்தித் தர முடியுமா?
*26 வயது, தேயிலை விவசாயியின் மகன், கட்டபெட்டு*

பதில்: தம்பி, கேட்கும் மனசு சரியாக இருக்கிறது. ஆனால் இந்த உருவத்தில் போனால் அலுவலகத்திலேயே நிற்கும். கேள்வியில் வாதம் இருக்கக்கூடாது, கருத்துக் கேட்கக்கூடாது, 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், மத்திய அரசின் பொறுப்பில் உள்ள விஷயமாக இருக்க வேண்டும். 15 நாளுக்கு முன் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்டதாக இருந்தால் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணைக்கேள்வி கேட்கலாம். ஒரு நாளைக்கு 20தான் வரும், அதுவும் குலுக்கலில் விழ வேண்டும். குறி இல்லாததற்கு எழுத்தில் பதில். எழுத்துப் பதிலைச் சின்னதாக நினைக்காதே. எண்கள் எல்லாம் அதில்தான் வரும்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் அமைச்சகம். தேயிலை வேளாண் அமைச்சகத்தில் இல்லை, வர்த்தக அமைச்சகத்தில் இருக்கிறது. தேயிலை வாரியம் அதன் கீழே. பேரிடர் நிவாரண நிதியோ உள்துறை. பருவநிலை மாற்றம் சுற்றுச்சூழல் அமைச்சகம். மூன்றையும் ஒரே கேள்வியில் போட்டால் மூன்று பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். ஒன்றை எடு. நான் உள்துறையை எடுக்கிறேன். காரணம், பேரிடர் நிவாரண நிதி தரத் தகுதியானவை என்று மத்திய அரசு அறிவித்த பட்டியலில், வெள்ளம், மண்சரிவு, மேகவெடிப்போடு உறைபனியும் குளிர் அலையும் இருக்கின்றன. பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ போயிருந்தால் உதவி உண்டு என்பது விதி. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்படி எழுது:

“உள்துறை அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) உறைபனி, குளிர் அலைக்காக மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கடந்த ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட பயிர் இழப்பு உதவி எவ்வளவு, ஆண்டு வாரியாக, (ஆ) அதில் நீலகிரி மாவட்டத்துக்கு எவ்வளவு, பயன்பெற்ற சிறு தேயிலை விவசாயிகள் எத்தனை பேர், (இ) இல்லையெனில் அதற்கான காரணம், (ஈ) மலை மாவட்டங்களில் உறைபனிச் சேதத்தை மதிப்பிட வழிகாட்டு நெறிகள் உள்ளனவா?”

கண்ணீர் என்ற சொல் இதில் இல்லை என்று வருத்தப்படாதே. (ஆ)வுக்கு வரும் எண்ணில் அது இருக்கும். இதையே கிராமசபையிலும் தீர்மானமாகப் போட்டு வை. மார்ச் 22, மே 1 போன்ற நாட்களில் அது கூடும். தீர்மானத்தின் நகலை எம்.பி.க்குக் கொடுக்கும் மனுவோடு இணைத்துக் கொடு. மாநில அரசின் பங்கைப் பற்றிய கேள்வி எம்.எல்.ஏ. வழியாகச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும், அதைத் தனியாக எழுது.

பதில் வந்ததும் ஒரு நகல் எனக்கு அனுப்பு. அடுத்த கேள்வியை அந்தப் பதிலில் விட்டுப்போன இடத்திலிருந்துதான் எழுத வேண்டும்.